சாமி மாடத்து விளக்கும் 325 வோல்ட்டும்

அம்மாவின் சாமி மாடத்தில் முருகன் படத்துக்குப் பின்னால் இரவு பகலாக எரிந்துகொண்டிருந்த சிறு மின்விளக்கு, ஒரு வெள்ளிக்கிழமை காலையில் அணைந்துவிட்டதாக அவர் சொன்னார். எண்ணெய் விளக்கு வேறு. அதைக் காலையும் மாலையும் அவர் தாமே ஏற்றுவார். இது சிங்கப்பூரின் தேக்கா வட்டாரத்தில் பூசைப் பொருள் விற்கும் ஒரு கடையில் வாங்கிய, உள்ளங்கையில் அடங்கும் நெகிழிப் பெட்டி. நேராகச் சுவர்ச் செருகியில் செருகினால் சிவப்பாக எரியும், அவ்வளவுதான். அன்றிரவு அறை விளக்கை அணைத்துவிட்டு அருகில் போய்ப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அது அணையவில்லை. மாதக்கணக்கில் மங்கி மங்கி, பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குத் தேய்ந்துபோயிருந்தது.

திருகாணிகளைக் கழற்றினேன். உள்ளே மின்மாற்றி இல்லை, கம்பிச் சுருள் இல்லை, சில்லு எதுவும் இல்லை. மஞ்சள் நிற மின்தேக்கி ஒன்று, நான்கு டயோடுகள், ஒரு மின்தடை, மூன்று எல்இடிகள். மின்தேக்கியின் மேல் 0.22 மைக்ரோஃபாரட், 400 வோல்ட் என்று அச்சிட்டிருந்தது. கழற்றி மீட்டரில் வைத்தால் 0.06 காட்டியது. அதாவது, 14 மில்லிஆம்பியர் ஓட வேண்டிய இடத்தில் நான்குகூட ஓடவில்லை.

நான் பலதுறைத் தொழிற்கல்லூரியில் மின்னியல் படித்துவிட்டு, இருபது ஆண்டுகளாகக் கட்டடங்களின் விளக்குப் பராமரிப்பில் இருப்பவன். பழுதான எல்இடி விளக்குகளை நூற்றுக்கணக்கில் கழற்றிப் போட்டிருக்கிறேனே தவிர, ஒன்றை முதலிலிருந்து நானே வடிவமைத்ததில்லை. அம்மாவுக்குப் புதிய விளக்கொன்றை நானே செய்து தருவதாகச் சொன்னேன். ஒரு மாலைப்பொழுது போதும் என்று நினைத்தேன். நான்கு மாதம் ஆயிற்று. மாறுதிசை மின்சாரத்தில் நேரடியாக எல்இடியை எரியவைக்கும் சுற்றைத் தாளில் வரைய ஐந்து நிமிடம் போதும். மீதிக் காலமெல்லாம், அதிலுள்ள ஒவ்வொரு பாகமும் சாகும்போது என்ன நடக்கும், மனிதக் கை அதன்மேல் படும்போது என்ன நடக்கும் என்ற இரண்டு கேள்விகளுக்கே போயிற்று.

முதலில் எதிரி யார் என்று பார்த்துவிடலாம். சிங்கப்பூரில் நம் வீட்டுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட், விநாடிக்கு 50 சுழற்சி. இந்த 230 என்பது ஒருவகைச் சராசரி. அலையின் உச்சியில் மின்னழுத்தம் 325 வோல்ட்டைத் தொடும், பிறகு சுழியத்துக்கு இறங்கி, எதிர்த்திசையில் மறுபடியும் 325 போகும். ஒவ்வோர் அரைச்சுழற்சிக்கும் 10 மில்லிவிநாடி. எல்இடியோ ஒரே திசையில் மட்டும் மின்னோட்டத்தை விடுவது. வெள்ளை எல்இடிக்கு வேண்டியது 3 வோல்ட். எதிர்த்திசையில் பெரும்பாலானவற்றுக்கு 5 வோல்ட்டுக்கு மேல் உத்தரவாதம் கிடையாது. 3 வோல்ட்டைத் தாண்டியதும் அதன் மின்னோட்டம் செங்குத்தாக ஏறிவிடும் என்பதால், அழுத்தத்தை எண்ணாமல் மின்னோட்டத்தை எண்ணித்தான் அதற்குச் சாப்பாடு போட வேண்டும். 325 வோல்ட் மலைக்கும் 3 வோல்ட் மடுவுக்கும் இடையில் எதை வைப்பது என்பதே கேள்வி.

மின்தடையை வைக்கலாம் என்பது எல்லோருக்கும் முதலில் தோன்றும் விடை. 20 வெள்ளை எல்இடிகளைத் தொடராகக் கோத்தால் 60 வோல்ட் ஆகிறது. அவற்றில் சராசரி 17.5 மில்லிஆம்பியர் ஓட வேண்டுமானால் எட்டரைக் கிலோ ஓம் அளவில் ஒரு மின்தடை வேண்டும். எல்இடிகள் எடுப்பது ஒரு வாட். அந்த மின்தடை சும்மா சூடாகி வீணாக்குவது மூன்றரை வாட்டுக்கு மேல். காற்றோட்டம் இல்லாத நெகிழிப் பெட்டிக்குள், பட்டுத்துணிக்கும் பூச்சரத்துக்கும் பக்கத்தில், இரவும் பகலும் மூன்றரை வாட் சூடு. இதை மேற்கொண்டு யோசிக்கவே வேண்டியதில்லை.

மின்தேக்கி அப்படி எரித்துக் குறைப்பதில்லை. அலை ஏறும்போது வாங்கிக்கொண்டதை அலை இறங்கும்போது திருப்பிக் கொடுத்துவிடும். ஏறக்குறைய சூடே இல்லாமல் மின்னோட்டத்தை அளந்து விடும் வேலையை அது செய்கிறது. பாடப்புத்தகம் இதை மின்தேக்கி மறுப்பு என்ற சூத்திரத்தால் சொல்லும். 50 சுழற்சியில் 0.33 மைக்ரோஃபாரட்டுக்கு அது சுமார் 9,650 ஓம். எனக்கு அந்தக் கணக்கைவிடக் கிணற்றில் சால் இறைக்கும் கணக்கு எளிதாகப் புரிகிறது. இருதிசை அலையையும் ஒரே திசைக்குத் திருப்பும் நான்கு டயோடுகளின் பாலத்துக்குப் பின்னால் 60 வோல்ட் எல்இடித் தொடர் இருந்தால், மின்தேக்கியின் மேல் விழுவது உச்சியில் 325 கழித்தல் 60, அதாவது 265 வோல்ட். ஒவ்வோர் அரைச்சுழற்சியிலும் அது ஒருபக்கம் 265 வோல்ட்டிலிருந்து மறுபக்கம் 265 வோல்ட்டுக்குத் திரும்பியாக வேண்டும். 530 வோல்ட்டை 0.33 மைக்ரோஃபாரட்டால் பெருக்கினால் 175 மைக்ரோகூலும். அது ஒரு சால். விநாடிக்கு நூறு சால். ஆக 17.5 மில்லிஆம்பியர் எல்இடிகள் வழியாகப் போயே தீர வேண்டும்.

இந்தக் கணக்கில் எனக்குப் பிடித்தது, எல்இடிகளின் எண்ணிக்கை அதில் எவ்வளவு குறைவாகக் குறுக்கிடுகிறது என்பதுதான். இருபதில் இரண்டு எல்இடிகள் குறுக்குச்சுற்றாகிச் செத்தாலும் 265 என்பது 271 ஆகும், அவ்வளவே. மற்றவை எதுவும் நடவாததுபோல் எரியும். மின்வாரிய அழுத்தம் ஆறு விழுக்காடு கூடினால் மின்னோட்டம் ஏழரை விழுக்காடு கூடும். மலிவான ஒரு பாகம் செய்யும் வேலைக்கு இது மோசமில்லை. குறை ஒன்று உண்டு: திறன் காரணி, அதாவது கம்பியில் வந்துபோகும் மின்சாரத்தில் உண்மையாக வேலை செய்யும் பங்கு, ஏறக்குறைய 0.3தான். வீட்டு மீட்டர் உண்மையான வாட்டையே கணக்கெடுப்பதால் அம்மாவின் கட்டணச் சீட்டில் அது தெரியாது. ஆண்டு முழுக்க எரிந்தாலும் 12 யூனிட் அளவில்தான் வரும். ஒரு கட்டடம் முழுவதும் இதே வகை விளக்குகளை மாட்டினால் கதை வேறு.

டயோடுப் பாலம் எதற்கு, எல்இடியே ஒரு டயோடுதானே என்று என்னிடம் பயிற்சிக்கு வந்த ஒரு தம்பி கேட்டான். நல்ல கேள்வி. மின்தேக்கியையும் எல்இடியையும் மட்டும் தொடராக மாட்டினால், முதல் சுழற்சியிலேயே மின்தேக்கி ஒருபக்கமாக நிரம்பிக்கொள்ளும். எல்இடி எதிர்த்திசையில் விடாததால் அது காலியாக வழியில்லை. பிறகு மின்னோட்டமே இராது. அதோடு போகாமல், நிரம்பிய மின்தேக்கியின் 325 வோல்ட்டும் அலையின் 325 வோல்ட்டும் ஒன்றுசேர்ந்து, 5 வோல்ட் தாங்கும் எல்இடியின் மேல் எதிர்த்திசையில் 650 வோல்ட்டாக விழப் பார்க்கும். அதற்குள் எல்இடி செத்துவிடும் என்பது வேறு விஷயம். சால் திரும்பிவர வழி வேண்டும். அந்த வழிதான் பாலம்.

பாகங்கள் வாங்க ஜாலான் புசாரில் உள்ள சிம் லிம் டவருக்குப் போனேன். சுங்கை ரோட்டுப் பழைய பொருள் சந்தை 2017 ஜூலையில் மூடப்படும்வரை, சில்லறைப் பாகங்களுக்கு முதலில் அங்கே போய்க் கிளறிவிட்டுத்தான் சிம் லிம் டவருக்கு வருவேன். இப்போது நேராக இங்கேதான். கடைக்கார அங்கிளிடம் 0.33 மைக்ரோஃபாரட் என்றேன். அவர் தலைநிமிராமலே, “எக்ஸ்-2வா, சாதாரணமா?” என்று ஆங்கிலத்தில் கேட்டார். அம்மாவின் பழைய விளக்கு செத்த காரணம் முழுவதும் அந்தக் கேள்விக்குள் இருந்தது.

400 வோல்ட் என்று அச்சிட்ட சாதாரண மின்தேக்கி நேர்திசை அழுத்தத்துக்கானது. 325 என்பது 400க்குக் கீழே இருப்பதால் போதும் என்று நினைத்துவிடத் தோன்றும். ஆனால் விநாடிக்கு நூறு முறை திசை மாறும் அழுத்தத்தில் படலங்களுக்கு இடையிலுள்ள நுண்ணிய காற்று இடைவெளிகளில் சிறு மின்பொறிகள் தெறித்து, உலோகப் பூச்சு கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கப்படுகிறது. எக்ஸ்-2 வகை மின்தேக்கிகள் மின்கம்பிகளுக்குக் குறுக்கே ஆண்டுக்கணக்கில் கிடப்பதற்கென்றே செய்யப்பட்டவை. 275 அல்லது 310 வோல்ட் மாறுதிசை என்று அவற்றின் மேல் எழுதியிருக்கும். 2,500 வோல்ட் அதிர்வலையைத் தாங்குமா என்று சோதிக்கப்பட்டிருக்கும். இடி இடிக்காத மாதமே இல்லாத இந்த ஊரில் அந்தக் கடைசிச் சோதனை அலங்காரத்துக்கு அல்ல.

எக்ஸ்-2 ஆனாலும் சாவாமை கிடையாது. இவற்றுக்குத் தன்னைத்தானே ஆற்றிக்கொள்ளும் குணம் ஒன்று உண்டு: படலத்தில் எங்காவது ஓட்டை விழுந்தால், அதைச் சுற்றியுள்ள மெல்லிய உலோகப் பூச்சு ஆவியாகிப் புண் மூடிக்கொள்ளும். ஒவ்வொரு முறை ஆறும்போதும் கொஞ்சம் பரப்பு போகும். பரப்பு போனால் மதிப்பு குறையும். மதிப்பு குறைந்தால் விளக்கு மங்கும். ஈரம் புகுந்துவிட்டால் இந்தத் தேய்மானம் வேகமெடுக்கும். வெட்டிவேர்த் தண்ணீர் தெளித்து, ஈரத்துணியால் துடைத்து, கற்பூரம் காட்டும் ஒரு மாடத்தில், ஏற்கெனவே புழுக்கம் நிறைந்த சிங்கப்பூர்க் காற்றில், மின்தேக்கி என்ன பாடுபடும்! இப்படிப்பட்ட இடங்களுக்கென ஈரப்பதச் சோதனையில் தேறிய வகை தனியாக வருகிறது. விலை இரண்டு மடங்கு. அதையே வாங்கினேன்.

சோதனைப் பலகையில் முதல் வடிவம் எரிந்தது. மகிழ்ச்சியில் செருகியைப் பிடுங்கி மேசையில் வைக்கப் போனேன். பித்தளைக் கால்கள் இரண்டும் உள்ளங்கையில் பட்டன. தேள் கொட்டியதுபோல் ஒரு சுரீர். செருகியைப் பிடுங்கிய கணத்தில் அலை உச்சியில் இருந்திருக்க வேண்டும்; மின்தேக்கி அந்த அழுத்தத்தை அப்படியே பிடித்து வைத்துக்கொண்டு என் கைக்காகக் காத்திருந்தது. உயிருக்கு ஆபத்தில்லாத அளவுதான். ஆனால் நாற்காலிமேல் ஏறிச் செருகியைப் பிடுங்கும் எழுபத்து இரண்டு வயதுப் பெண்மணிக்கு அந்தத் திடுக்கிடலே போதும் கீழே விழ. மின்தேக்கிக்கு இணையாகக் கசிவு மின்தடை போடுவது எதற்கு என்று புத்தகத்தில் படித்ததை அன்று உள்ளங்கையில் படித்தேன். அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு: கால் வாட் மின்தடைகள் பலவும் 250 வோல்ட்தான் தாங்கும், ஒன்றை மட்டும் போட்டால் 325 அதைத் தாண்டிவிடும். ஆகவே 470 கிலோ ஓம் இரண்டு, தொடராக. ஒரு விநாடிக்குள் செருகிக் கால்களில் 15 வோல்ட்டுக்கும் கீழே இறங்கிவிடுகிறது. பழைய விளக்கில் இந்த மின்தடை இல்லவே இல்லை. இரண்டு காசு மிச்சம் பிடித்திருக்கிறார்கள்.

செருகும் கணத்துக்கும் ஒரு காவல் வேண்டும். அலை உச்சியில் இருக்கும்போது செருகினால் காலியான மின்தேக்கி அந்த நொடியில் வெறும் கம்பிதான். அதற்காக 470 ஓம் மின்தடை ஒன்றைத் தொடராக வைத்தேன். பாய்ச்சல் முக்கால் ஆம்பியருக்குள் அடங்கிவிடும், மற்ற நேரத்தில் அது விழுங்குவது கால் வாட்டுக்கும் குறைவு. அது சாதாரண மின்தடையாக இல்லாமல் உருகி வகையாக இருக்க வேண்டும். மின்தேக்கி என்றாவது குறுக்குச்சுற்றானால், எல்இடிகளின் பங்கு போக மீதி அழுத்தமெல்லாம் அதன் தலையில் விழும். அது தாங்கக்கூடியதைவிடப் பல மடங்கு சூடு. தீப்பிடிக்காமல் அறுந்துபோவது அதன் கடமை.

இத்தனையும் முடித்துப் பெட்டியில் அடைத்து அம்மாவிடம் கொடுத்தேன். மறுநாள் மாலை அலைபேசியில் அழைத்தார்.

“தம்பி, வெளக்கு நல்லாத்தான் இருக்கு. ஆனா மணி ஆட்டும்போது என் கையி நாலாத் தெரியுதுப்பா.”

“நாலாவா?”

“நாலோ அஞ்சோ. அம்மனுக்கு இருக்கிற மாதிரி.”

நேரில் போய்ப் பார்த்தேன். மாலை நேரம், அறை விளக்கு அணைந்திருந்தது, மாடத்து வெளிச்சம் மட்டும். அவர் கைமணியை ஆட்டினார். மணியின் பித்தளை விளிம்பு தொடர்ந்த கோடாகத் தெரியாமல், விசிறியின் மடிப்புகள்போல் தனித்தனி விளிம்புகளாகத் தெரிந்தது. கை விநாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் அசைந்தால், 10 மில்லிவிநாடியில் ஒரு சென்டிமீட்டர் நகரும். என் விளக்கு ஒவ்வோர் அரைச்சுழற்சியிலும் ஒருமுறை முழுதாக அணைந்து எரிந்தது. ஆகவே ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு மணி. சும்மா பார்த்தால் நூறு முறை அணைவதை மனிதக் கண் பிடிக்காது. அசையும் பொருளொன்று இருந்தால் காட்டிக்கொடுத்துவிடும். இரு வரிசை எல்இடிகளை எதிரெதிராக மாட்டிப் பாலத்தை மிச்சம் பிடிக்கும் சுற்று ஒன்றும் உண்டு. அதில் ஒவ்வொரு வரிசையும் விநாடிக்கு ஐம்பது முறை மட்டுமே எரியும். அதை வைத்திருந்தால் அம்மா மணி ஆட்டும்வரை காத்திருக்கத் தேவையிருந்திராது.

பழைய குண்டு பல்பும் இதே மின்சாரத்தில்தான் எரிந்தது. ஆனால் அதன் இழை 10 மில்லிவிநாடியில் ஆறிவிடாது. வெள்ளை எல்இடிக்குள் நடப்பது வேறு: நீல ஒளி தரும் சில்லும், அதன்மேல் பூசிய மஞ்சள் ஒளிர்பொருளும். அந்த நீலச் சில்லுக்காகத்தான் இசாமு அகாசாகி, ஹிரோஷி அமானோ, ஷுஜி நகமுரா ஆகிய மூவருக்கும் 2014இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. மின்னோட்டம் நின்றால் சில்லு உடனே அணையும். வழக்கமான மஞ்சள் ஒளிர்பொருளும் நூறு நானோவிநாடிக்குள் ஒளியை விட்டுவிடும். இருட்டு இடைவெளியை நிரப்ப உள்ளே எவரும் இல்லை.

ஒளி ஏற்ற இறக்கத்துக்கு, மின்னியல், மின்னணுவியல் பொறியாளர் அமைப்பான ஐ.இ.இ.இ. 2015இல் வெளியிட்ட 1789 எண்ணுள்ள பரிந்துரை ஓர் அளவுகோல் தருகிறது. விநாடிக்கு 100 முறை மினுங்கும் விளக்கில் ஏற்ற இறக்கம் 8 விழுக்காட்டுக்குள் இருந்தால் தீங்கு குறைவு. எந்த விளைவும் வேண்டாம் என்றால் 3.3 விழுக்காடு. என் விளக்கில் 100 விழுக்காடு. அந்த இருட்டை நிரப்ப, எல்இடித் தொடருக்கு இணையாக ஒரு மின்பகுளி மின்தேக்கி போட வேண்டும். எவ்வளவு என்பதுதான் கேள்வி. இருபது எல்இடிகளின் உள்தடை மொத்தமாக 300 ஓம் அளவில் இருந்தது. 17.5 மில்லிஆம்பியர் மின்னோட்டத்தின் மேல் ஏறி இறங்கும் பகுதி 12 மில்லிஆம்பியருக்குச் சற்றுக் கீழே, அதில் 1.4 மட்டும் எல்இடிக்குள் போக, மீதியை மின்தேக்கி விழுங்க வேண்டுமானால் 44 மைக்ரோஃபாரட் வேண்டும். கடையில் கிடைப்பது 47. எல்இடிகளுக்கு 60 வோல்ட் என்பதால் 100 வோல்ட் வகையை வாங்கினேன், சிறியதாகவும் இருந்தது.

இங்கேதான் வெடித்தது. ஒரு சனிக்கிழமை இரவு, மேசைமேல் விளக்கை எரியவிட்டு, பெட்டிக்குள் திணிப்பதற்காக எல்இடிப் பலகையைச் சற்றே வளைத்தேன். எங்கோ ஒரு பற்றவைப்பு விட்டுக்கொண்டது, விளக்கு அணைந்தது. எந்தப் பற்று என்று பூதக்கண்ணாடியால் தேடிக்கொண்டிருந்தவன் செருகியைப் பிடுங்கவில்லை. சால் கணக்கு என்ன சொல்லிற்று? மின்தேக்கி 17.5 மில்லிஆம்பியரைத் தள்ளியே தீரும் என்றது. எல்இடி வழி அடைபட்டால் அந்த மின்னோட்டம் முழுவதும் 47 மைக்ரோஃபாரட்டுக்குள் போகும். ஒரு விநாடிக்குள் 100 வோல்ட்டைத் தாண்டி, 325ஐ நோக்கி ஏறும். அரை நிமிடம் இருக்கும். ‘டப்’ என்று பட்டாசுச் சத்தம். வெள்ளையாகப் புகை, மீன் கருவாடும் அமிலமும் கலந்தது போன்ற ஒரு நெடி, மேசையெங்கும் ஈரமான காகிதத் துணுக்குகள். அலுமினியக் குப்பி என் காதைக் கடந்து போய் அலமாரிக் கதவில் குழி போட்டிருந்தது. மூக்குக் கண்ணாடி அணிந்திருந்தேன். பக்கத்து வீட்டு மலாய்க்காரர் கதவைத் தட்டி, எல்லாம் சரியா என்று கேட்டுவிட்டுப் போனார்.

400 வோல்ட் வகையைப் போட்டால் இந்தக் கவலை இல்லை. ஆனால் 47 மைக்ரோஃபாரட்டில் அது ஏறக்குறைய கட்டைவிரல் பருமன், பெட்டியில் இடமில்லை. ஆகவே 100 வோல்ட் மின்தேக்கியையே வைத்து, அதற்கு இணையாக, 75 வோல்ட்டை எட்டினால் மட்டும் மின்னோட்டத்துக்கு வழிவிடும் ஜீனர் டயோடு ஒன்றைப் போட்டேன். எல்இடிகள் உயிரோடு இருக்கும்வரை அதற்கு வேலையில்லை. தொடர் அறுந்தால் முழு மின்னோட்டத்தையும் அது ஏற்கும். 75 வோல்ட்டில் அது ஒன்றேகால் வாட். எனவே 5 வாட் வகை. ஜீனர் சூடேறிச் செத்தாலும் பெரும்பாலும் குறுக்குச்சுற்றாகவே சாகும். அப்போது விளக்கு அணையும், வேறொன்றும் நடக்காது. செத்தால் இருட்டாக வேண்டும், வெடிக்கக் கூடாது.

மின்தேக்கியே இல்லாமலும் செய்யலாமே என்று சிலர் கேட்கக்கூடும். 80 எல்இடிகளைத் தொடராகக் கோத்தால் 240 வோல்ட். சிறு மின்தடை ஒன்று போதும், வீணாகும் சூடும் குறைவு. ஆனால் அலை 240ஐத் தாண்டும்போது மட்டுமே அது எரியும். அரைச்சுழற்சியின் 10 மில்லிவிநாடியில் ஐந்துக்கும் மேல் இருட்டு. மின்னழுத்தம் ஆறு விழுக்காடு கூடினால் உச்ச மின்னோட்டம் 23 விழுக்காடு கூடும். மின்தேக்கிச் சுற்றில் அது ஏழரைதான் என்பதை ஒப்பிட்டுப் பாருங்கள். இதைச் சரிசெய்யத்தான் தொடரை மூன்று நான்கு துண்டுகளாக வெட்டி, அலை ஏற ஏறத் துண்டுகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து, இறங்க இறங்கக் கழற்றும் சில்லுகள் வந்தன. தென்கொரியாவின் சியோல் செமிகண்டக்டர் நிறுவனம் ‘அக்ரிச்’ என்ற பெயரில் இந்த வகையைப் பரப்பியது. திறன் காரணி 0.95க்கும் மேலே போகிறது. முதலில் சாகும் மின்பகுளி மின்தேக்கி தேவையே இல்லை. பத்து டிகிரி சூடு கூடினால் அந்த மின்தேக்கியின் ஆயுள் பாதியாகும் என்பதால், மூடிய கூரை விளக்குகளுக்கு இது பெரிய லாபம். ஆனால் சுழியத்தைக் கடக்கும்போது இருட்டு இருக்கத்தான் செய்கிறது. தாழ்வாரத்துக்கும் வாகன நிறுத்துமிடத்துக்கும் சரி என்பேன். கூரை மின்விசிறிக்கு மேலே இதை மாட்டிய ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில், மூன்று இறக்கை விசிறி இருபத்து நான்கு இறக்கையோடு அசையாமல் நிற்பதுபோல் தெரிவதைப் பார்த்திருக்கிறேன். பிள்ளைகள் படிக்கும் அறையில் நான் மாட்ட மாட்டேன்.

இன்னொரு சிக்கல் பலரும் என்னிடம் கேட்பது. ஈசூனில் இருக்கும் சித்தி ஒருமுறை, சுவிட்சை அணைத்த பிறகும் படுக்கையறை விளக்கு பேய்போல் மங்கலாக எரிகிறது என்று பயந்து அழைத்தார். பேயெல்லாம் இல்லை சித்தி, கம்பிதான் என்றேன். சுவிட்சுக்குப் போகும் கம்பியும் விளக்குக்குப் போகும் கம்பியும் ஒரே குழாயில் பக்கத்தில் பக்கத்தில் ஓடுகின்றன. அவையே ஒரு சிறு மின்தேக்கி, மீட்டருக்கு 100 பிக்கோஃபாரட் அளவில். பத்து மீட்டர் ஓடினால் 70 மைக்ரோஆம்பியர் கசியும். குண்டு பல்பு அதைக் கண்டுகொள்ளாது. நல்ல எல்இடிக்கு இருட்டில் ஒளிர அதுவே போதும். விளக்குக்கு இணையாகச் சிறிய எக்ஸ்-2 மின்தேக்கியைப் போட்டதும் பேய் போய்விட்டது. உரிமம் பெற்ற மின்பணியாளரான ஓர் அண்ணன்தான் அதைக் கூரையில் மாட்டித் தந்தார். வீட்டுக் கம்பியில் நானாகக் கை வைப்பதில்லை.

கடைசியாகக் கை படும் விஷயம். இந்தச் சுற்றில் மின்மாற்றி இல்லாததால் எல்இடியின் ஒவ்வொரு காலும் சுவர் மின்சாரத்தோடு நேராகச் சேர்ந்தது. மீட்டரில் 60 வோல்ட் காட்டுகிறதே என்று தொட்டால், அந்த 60 அலையின் உச்சியில் தரையிலிருந்து 300க்கும் மேலே மிதந்துகொண்டிருக்கலாம். அலைவரைவுக் கருவியின் தரைப் பிடியைப் பாலத்தின் எதிர்முனையில் மாட்டினால் பிடியே ஆவியாகும். கருவியின் தரை சுவரின் தரையோடு சேர்ந்தது என்பதை மறந்துவிடக்கூடாது. என் மேசையில் இப்போது தனிமைப்படுத்தும் மின்மாற்றி ஒன்று இருக்கிறது. அதன் வழியாக அல்லாமல் எதையும் எரிப்பதில்லை. 2025 ஜூலை 1 முதல் சிங்கப்பூரில் எல்லா வீடுகளிலும் ஆர்சிசிபி எனப்படும் மின்கசிவுத் துண்டிப்பான் இருந்தாக வேண்டும் என்பது எரிசக்திச் சந்தை ஆணையத்தின் விதி, நல்ல விதி. ஆனால் அது தரைக்குக் கசியும் மின்சாரத்தைத்தான் கண்டுபிடிக்கும். ஒரு கை ஒரு முனையிலும் மறு கை மறு முனையிலும் பட்டால், அதன் கணக்கில் நீங்களும் ஒரு விளக்குதான்.

அம்மா வெள்ளிக்கிழமைதோறும் மாடத்தை ஈரத்துணியால் துடைப்பார். விளக்கைப் பிடுங்கிவிட்டுத் துடையுங்கள் என்று சொல்லிப் பயனில்லை. ஆகவே வெளியே ஓர் உலோகத் திருகாணியும் தெரியாத, விளிம்பில் ரப்பர் வளையம் வைத்த நெகிழிப் பெட்டி. எல்இடிகளுக்கு முன்னால் ஒட்டாமல் வார்த்த ஒரே பால்வெள்ளை மூடி. கம்பி, பிடித்து இழுத்தாலும் வராதபடி உள்ளே முடிச்சுப் பிடியோடு. செருகிக்குள் கடைக்காரர் போட்டுத் தந்த 13 ஆம்பியர் உருகியைக் கழற்றிவிட்டு 3 ஆம்பியர். முகப்பில், திடீரென எகிறும் அழுத்தத்தை விழுங்கிக்கொள்ளும் வாரிஸ்டர் ஒன்று, ஏப்ரல், நவம்பர் மாத இடிகளுக்காக.

விளக்கு இப்போது முருகன் படத்துக்குப் பின்னால் இருக்கிறது. சிவப்பு இல்லை என்று அம்மாவுக்கு இன்னமும் சிறு குறை. மஞ்சள் கண்ணாடித்தாள் ஒன்றை மூடிக்குள் ஒட்டித் தந்தேன். பெட்டியின் அடியில் மின்தேக்கியை மாட்டுமுன் அளந்த மதிப்பு, 0.328, நிரந்தர மையால் தேதியோடு எழுதியிருக்கிறேன். ஆண்டுக்கு ஒருமுறை, தைப்பொங்கலுக்கு மாடத்தைக் காலி செய்து கழுவும்போது, கழற்றி அளந்து அதன் கீழே அடுத்த எண்ணை எழுத வேண்டும்.